மெயிலுக்குப் போனில் பதில் சொல்லும் கம்பெனி: ஜாப் வொர்க் யூனிட்காரர்கள் கவனத்துக்கு

திருப்பூரில் பிரிண்டிங் ஜாப் வொர்க் (கூலிக்கு அச்சடிக்கும் வேலை) எடுப்பவர்கள், அதிலும் புதிதாக யூனிட் போட்டவர்கள், இதைப் படித்துவிட்டு அடுத்த ஆர்டரைத் தொடுங்கள். புகார் நடப்பில் இருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் டி-ஷர்ட் ஆர்டர். வாட்டர் பேஸ்டு (தண்ணீர் கலந்த இங்க்) பிரிண்ட் என்று பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) தெளிவாக இருந்தது, ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி பிரிண்ட்) அப்ரூவலும் அதற்குத்தான். அந்த இங்க் ஸ்கிரீனிலேயே காய்ந்து மெஷ் வலையை அடைக்கும், கருப்புத் துணியில் எடுப்பாக வரவைப்பதும் சிரமம். கருப்பு பீஸ் மட்டும் பாக்கி இருந்தபோது அந்தக் கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி கூப்பிட்டார். "ஷிப்மென்ட்டுக்கு டைம் இல்லீங்ணா, கருப்ப பிளாஸ்டிசால்லயே அடிச்சுருங்க. பையர்கிட்ட பேசியாச்சு."

பிளாஸ்டிசால் என்றால் பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்த இங்க். ஐரோப்பிய பையர்கள் பலர் அதைத் தொடவே மாட்டார்கள். அதனால் இங்க் மாற்றத்தை உறுதி செய்யச் சொல்லி உடனே மெயில் போட்டோம். மெயிலுக்குப் பதில் மெயில் வரவில்லை, போன்தான் வந்தது. "மெயிலெல்லாம் எதுக்குங்ணா, அதான் சொல்லிட்டனே. ஓட்டுங்க." ஓட்டினோம். சரக்கும் டி.சி. (டெலிவரி சலான்) போட்டுப் போய்விட்டது.

ஒன்றரை மாதம் கழித்து பில் பணம் கேட்டால் டெபிட் நோட் (பணத்தைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லும் சீட்டு) வருகிறது. பி.ஓ.வுக்கு மாறாக பிரிண்ட் செய்துவிட்டோமாம். எங்கள் கூலி மொத்தமும் பிடித்தம், துணி விலை தனி. தம்பியைக் கேட்டால், "நான் அப்படிச் சொல்லலையேங்ணா."

பழைய மெயில்களை உட்கார்ந்து புரட்டியபோதுதான் அவர்கள் நடைமுறை புரிந்தது. எங்களைக் கட்டுப்படுத்தும் விஷயமெல்லாம் மெயிலில்: பி.ஓ., டெலிவரி தேதி, ரிமைண்டர். அவர்களைக் கட்டுப்படுத்தும் விஷயமெல்லாம் போனில்: ரேட் ஏற்றம், ஸ்பெக் மாற்றம், பணம் தரும் தேதி. இது சோம்பேறித்தனம் இல்லை, ஏற்பாடு.

வாய்ப்பேச்சு ஒப்பந்தம் செல்லாது என்றில்லை. 1872 ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். நிரூபிப்பதுதான் பாடு. போன் பில் அழைப்பு வந்ததைக் காட்டும், பேசியதைக் காட்டாது. ரெக்கார்டிங் இருந்தாலும் 2023 சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி ஹேஷ் மதிப்போடு (ஃபைலின் கைரேகை போன்ற எண்) சான்றிதழ் வேண்டும். மெயிலின் பலம் வேறு. டிரைமெக்ஸ்–வேதாந்தா வழக்கில், கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமலே, மெயிலில் பேசி முடித்த பாக்சைட் வியாபாரம் செல்லும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எங்கள் வக்கீல் பிடித்த நூல் இன்னொன்று. 2006 எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. இவர்கள் அந்த 15 நாளில் ஒரு வரி எழுதவில்லை. போனில் கத்தியிருக்கலாம், அதற்கு மதிப்பில்லை. எழுதாத பழக்கம் அவர்கள் காலையே வாரியதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு ஏற்கெனவே இருந்ததால், பாக்கிப் பணத்துக்குப் புகார் வாங்கும் அரசின் சமாதான் தளத்தில் புகார் கொடுத்தோம். எழுத்தில் என்ன தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகாரை விசாரிக்கும் கவுன்சிலின் உத்தரவை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போவதானாலும் உத்தரவுத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பதிவு இல்லாதவர்கள் அடுத்த ஆர்டர் எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், பிறகு செய்து பழைய பில்லுக்குக் கேட்டால் சிக்கல் வரலாம்.

இப்போது ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் எங்கள் சூப்பர்வைசர் ஒரு மெயில் போடுகிறார்: "இன்று போனில் நீங்கள் சொன்னபடி இன்ன மாற்றம் செய்கிறோம், பதில் மெயில் வந்ததும் மெஷின் ஓடும்." நல்ல கம்பெனிகள் 'ஓகே' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிடுகின்றன. முறைத்துக்கொண்டு ஆர்டரைத் திருப்பி எடுத்துப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

புகார் நோட்டீஸ் போன பிறகு அந்தக் கம்பெனி முதலாளியே கூப்பிட்டார், பாதித் தொகைக்குப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று. மெயிலில் அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றேன். இன்னும் வரவில்லை. அந்தத் தம்பி அவினாசி ரோட்டில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.