மிகைத் தைராய்டுக்கு மூலிகை: எது குறைக்கும், எது ஏற்றும்?

யாராவது ஒரு மூலிகையை "தைராய்டுக்கு நல்லது" என்று சொன்னால், எந்தத் தைராய்டுக்கு என்று கேளுங்கள். சுரப்பு குறைந்தவருக்கு உதவுவது, சுரப்பு கூடியவரை இன்னும் படுத்திவிடும். நான் இங்கே பேசுவது கூடியவர்களைப் பற்றி: சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கும், விரல்கள் நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கும், ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; சுரப்பு கூடினால் இது குறையும்) அடிமட்டத்தில் இருக்கும்.

முதலில் ஒதுக்க வேண்டியது அமுக்கிரா, அதாவது அஸ்வகந்தா. மன அழுத்தத்துக்கு என்று மாத்திரையாக எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அது தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. அதைச் சாப்பிட்டு மிகைத் தைராய்டு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. படபடப்பு அடங்கட்டும் என்று நினைத்து இதை எடுப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள் டி3, டி4 என்று இரண்டு; நீர்ப்பிரமியும் சுண்டெலிகளில் டி4 அளவைக் கூட்டியது.

குறைக்கும் பக்கம் வில்வமும் சோற்றுக்கற்றாழையும் இருக்கின்றன. 2002இல் வெளியான இந்தூர் ஆய்வில் வில்வ இலைச்சாறு சுண்டெலிகளின் டி3 அளவைச் சுமார் 62 சதவீதம் குறைத்தது, டி4 குறையவில்லை. கற்றாழை இரண்டையும் குறைத்தது. எண்ணைப் பார்த்தால் வில்வம்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் சாறு. சுண்டெலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே பெருக்க முடியாது. வெந்தயச் சாறும் எலிகளில் டி3யைக் குறைத்தது, ஆனால் டி4 ஏறியது. ரசத்தில் போடும் வெந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

ஐரோப்பிய மூலிகைகளில் லைகோபஸும் மெலிசாவும் வேறு வழியில் வேலை செய்கின்றன. மிகைத் தைராய்டுக்கு முக்கியக் காரணமான கிரேவ்ஸ் நோயில் சுரப்பியைத் தூண்டிவிடும் எதிர்ப்புப் புரதம் சுரப்பியில் ஒட்டுவதையே அவை தடுப்பதாக, 1980களில் சோதனைக் குழாயில் காட்டினார்கள். நோயின் வேருக்கு அருகில் போவதால் இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. லைகோபஸை லேசான மிகைத் தைராய்டுக்குப் பயன்படுத்தலாம் என்று ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு ஏற்றது. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள்தான். கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது. எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இவற்றுக்கு எதிரில் கார்பிமசோல் மாத்திரை. ஹார்மோன் உற்பத்தியையே தடுக்கும், அளவை ரத்தப் பரிசோதனை பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். கிரேவ்ஸ் நோய்க்குப் பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் கொடுக்கிறார்கள். என் தேர்வு இதுதான், தயக்கமில்லை. மூலிகை வேண்டும் என்றால் மாத்திரையை நிறுத்தாமல், மருத்துவரிடம் பெயரைச் சொல்லிவிட்டு எடுங்கள். கார்பிமசோலிலும் ஓர் அபாயம் உண்டு: அபூர்வமாக வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே ரத்தம் கொடுத்து வெள்ளை அணு எண்ணிக்கையைப் பாருங்கள்.