25 வயதான ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2: கிளிநொச்சியில் பழையதும் புதியதும்

ஊர் கட்டி, வளம் சேர்த்து, படை திரட்டிச் சண்டை பிடிக்கும் கணினி விளையாட்டான ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 வெளிவந்தது 1999 செப்ரெம்பர் 30 ஆம் திகதி. 2024 இல் அதற்கு 25 வயது நிறைந்தபோது உலகம் முழுவதும் அதன் ரசிகர்கள் கொண்டாடினார்கள். கிளிநொச்சியில் நாங்களும் எங்கள் அளவில் கொண்டாடினோம். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. சிறுபோகம் அறுத்தாயிற்று, காலபோகத்துக்கு மழை இன்னும் வரவில்லை. வன்னியில் ஆட்களைப் பிடித்து இருத்த இதைவிட நல்ல நேரம் கிடையாது. வருடத்தில் எந்த நாள் பிறந்தது என்பதிலும் இந்த விளையாட்டு எங்களுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது.

எனக்குத் தொழில் கணினி திருத்துவது. பழைய பதிப்பையும் 2019 இல் வந்த டெஃபினிட்டிவ் எடிசன் என்ற புதுப்பித்த பதிப்பையும் பல வருடங்களாக ஆடி வருகிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: தனியே ஆட புதியது, கூடி ஆட பழையது. ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகுதான் எங்கள் பக்கம் கணினிகள் ஓரளவு வரத் தொடங்கின. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்த பெட்டிகள்தான் பெரும்பாலும். எங்கள் ஊரில் அப்போது மின்கம்பி இல்லை. ஜெனரேற்றர் ஓடும் நேரத்துக்குள் படிப்பும் முடிய வேண்டும், விளையாட்டும் முடிய வேண்டும். அந்தப் பெட்டிகளில் இந்த விளையாட்டு ஓடியதற்குக் காரணம் சிறிது. 166 மெகாஹேர்ட்ஸ் பென்ரியமும் 32 மெகாபைட் நினைவகமும் இருந்தால் அதற்குப் போதும். விளையாட்டு எங்கள் கைக்கு வந்த காலத்தில், மற்றவர்கள் எறிந்த கணினிகூட அதைவிட நல்லதாக இருந்தது.

2009 இல் வீட்டோடு அதுவும் போனது. மீள்குடியேறி, கரண்டும் வந்து, ஊர் கொஞ்சம் ஊராகிய பிறகு யாரோ ஒரு பெடியன் பென் டிரைவில் கொண்டு வந்தான். அந்த விளையாட்டைச் செய்த டெக்சாஸ் நிறுவனமான என்செம்பிள் ஸ்ரூடியோஸ் 2009 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டது என்பதை நான் மிகப் பிந்தித்தான் அறிந்தேன். அந்த மாதம் எங்களுக்கு வேறு கவலைகள்.

திரும்பி வந்த விளையாட்டுக்கு ஒரு வியாதி இருந்தது. விண்டோஸ் 7 இல் ஓடவிட்டால் நிறங்கள் குழம்பிவிடும். புல் ஊதாவாகும், தண்ணீர் சிவக்கும். உலகம் முழுவதும் தெரிந்த பிரச்சினைதான். ரஸ்க் மனேஜரைத் திறந்து எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் சரியாகிவிடும். விண்டோஸ் 10 இல் டிரெக்ட்பிளே என்ற பழைய பகுதியை வேறாக இயக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் 'அண்ணை, வைரஸ் அடிச்சிட்டுது' என்று இந்த நிறக் குழப்பத்தைத்தான் பலமுறை காட்டியிருக்கிறார்கள். காசு வாங்காமல் செய்துகொடுக்கும் ஒரே வேலை அதுதான்.

இந்த விளையாட்டு எங்களைப் போன்ற இடத்தில் நின்றுபிடித்ததன் சூட்சுமம் அதன் வலையமைப்பில் இருக்கிறது. எட்டுப் பேர் ஆடும்போது திரையில் ஆயிரக்கணக்கில் படை நகரும். அந்தப் படையின் இருப்பிடத்தை ஒரு கணினி இன்னொன்றுக்கு அனுப்புவதே இல்லை. 'இந்த ஆட்கள் இங்கே போகட்டும்' என்ற கட்டளை மட்டுமே கம்பியில் போகும். அதைக் கேட்டு ஒவ்வொரு கணினியும் முழு உலகத்தையும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். தொலைபேசிக் கம்பியில் மெதுவாக ஓடும் 28.8 மோடத்தில் ஓட வேண்டும் என்பது 1997 இல் வந்த முதல் விளையாட்டிலேயே அவர்கள் வைத்த இலக்கு. ஆகவே கணினிகளை இணைக்கும் எங்கள் மலிவான சுவிட்சும் நாங்களே முனை அடித்த கேபிளும் அதற்குத் தாராளம். இதற்கு ஒரு விலையும் உண்டு. எல்லாக் கணினிகளும் ஒரே தாளத்தில் போக வேண்டியிருப்பதால், ஒன்று திணறினால் எட்டும் திணறும். யாருடைய பெட்டி மெது என்று கண்டுபிடிப்பதிலேயே நட்புகள் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கின்றன. பெரும்பாலும் அது தூசு அடைத்த மின்விசிறிதான். முதலில் அதை ஊதித் துப்பரவாக்குங்கள்.

வீட்டில் இதைப் பார்த்தவர்களின் கருத்தையும் சொல்ல வேண்டும். அப்பா விவசாயி. 60 மரம் கொடுத்தால் ஒரு வயல் வரும், 175 உணவு தரும், தீர்ந்தால் மறுபடி மரம் கொடுக்க வேண்டும் என்பதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு! 'விறகைக் குடுத்தா வயல் வருமோ? குளம் எங்க? வாய்க்கால் எங்க?' உண்மையில் நல்ல கேள்வி. எந்த மேட்டிலும் வயல் போடலாம், தண்ணீரே தேவையில்லை என்பது வன்னிக்காரன் கண்ணுக்கு இந்த விளையாட்டின் மிகப் பெரிய பொய். அம்மாவுக்கு வயல் பிரச்சினை இல்லை. 'பட்டது காணாதே, இன்னும் சண்டையே பிடிக்கிறியள்' என்று ஒருமுறை கேட்டார். நகரத்தின் மணியை அடித்தால் சனம் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டடத்துக்குள் ஒளியும் ஒரு வசதி இதில் உண்டு. அந்தச் சத்தத்தை வீட்டில் நான் நிறுத்தியே வைத்திருக்கிறேன். அதற்குமேல் இதைப் பற்றி எனக்குத் தத்துவம் எதுவும் இல்லை.

எங்களை இத்தனை வருடம் கட்டிவைத்தது சண்டையைவிட வரைபட எடிற்றர்தான் என்று சொல்வேன். எந்த நிலத்தையும் வரைந்து, எந்தப் படையையும் எவருக்கும் கொடுத்து, 'இவர் இந்த இடத்துக்கு வந்தால் இது நடக்கட்டும்' என்று நிபந்தனைகள் எழுதலாம். 1999 இலேயே அந்த வசதி இருந்தது. ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர், மல்லாவியில் இருந்து ஒருவர், சரித்திரம் படிப்பிக்கிற ஒரு வாத்தியார், நான் என்று சேர்ந்து வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் கதையைச் செய்யத் தொடங்கினோம். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து அவன் பிடித்ததும், அதே வருடம் ஒக்ரோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கிடம் தோற்றதும் இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

முதல் சிக்கல் காலம். விளையாட்டு இடைக்காலத்தோடு நிற்கிறது, எங்கள் கதையோ 19 ஆம் நூற்றாண்டு. ஆங்கிலேயர் என்று அதில் இருப்பவர்கள் நீள வில் பிடித்தவர்கள். ஆகவே துப்பாக்கி பிடித்த படையை எடுத்து அவர்களிடம் கொடுத்தோம். வன்னியரின் யானைக்குப் பாரசீகரின் போர்யானைதான் கிடைத்தது. கொங்கரர்ஸ் என்ற விரிவாக்கத்தோடு (விளையாட்டுக்குப் பின்னால் வந்த கூடுதல் பகுதி) சேர்த்து 18 இனங்கள் இருந்தும் எங்கள் துணைக்கண்டத்திலிருந்து ஒன்றுகூட இல்லாத காலம் அது. சரி, யானை யானைதானே.

அடுத்தது குளச் சண்டை. 240க்கு 240 கட்டங்கள் கொண்ட மிகப் பெரிய வரைபடத்தை எடுத்து, நந்திக்கடலை வரைந்து, கரையோரம் பனையும் உள்ளே காடும் நட்டு முடித்த பிறகு நான் இரணைமடுக் குளத்தைப் போட்டேன். வாத்தியார் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். இரணைமடுவை வெட்டத் தொடங்கியதே 1902 இல், பண்டாரவன்னியனுக்கு ஏது இரணைமடு என்றார். கிளிநொச்சிக்காரனுக்கு இரணைமடு இல்லாத வரைபடம் வரைபடமே இல்லை என்று நானும் விடவில்லை. கடைசியில் அந்த இடத்தில் கனகராயன் ஆறு மட்டும் ஓடியது. மல்லாவிக்காரருக்கு ஒரே சந்தோசம், ஏனென்றால் அவருடைய வவுனிக்குளம் பழங்காலத்தது, அதை யாரும் அழிக்க முடியாது. சந்தர்ப்பம் கிடைத்ததென்று அதை உள்ளதைவிடப் பெரிதாகவும் வரைந்துவிட்டார்.

இந்த வரைபடத்தில் ஆடும்போது ஒன்று தெளிவாகத் தெரியும். கோட்டையைப் பிடிப்பது இலகு, வைத்திருப்பது கஷ்டம். கடல் பக்கத்தால் எதிரிக்கு உதவி வந்துகொண்டே இருக்கும், எங்கள் பக்கம் காடு. அதை நாங்கள் நிபந்தனையாக எழுதவில்லை, நிலத்தை உள்ளபடி வரைந்ததால் தானாக வந்தது. நல்ல விளையாட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

இனிப் புதிய பதிப்பு. அது வந்த கதையே ரசிகர்களின் கதைதான். என்செம்பிள் மூடிய பின்னும் ரசிகர்கள் சிலர் கூடி, பொறுப்பில்லாமல் கிடந்த விளையாட்டுக்குப் புதிய இனங்களைச் சேர்த்து இலவசமாக ஒரு விரிவாக்கம் செய்தார்கள். 2013 இல் அதுவே அதிகாரபூர்வமானது. டெஃபினிட்டிவ் எடிசனைச் செய்ததும் அந்தக் குழுவில் இருந்து வளர்ந்த நிறுவனம்தான். விளையாட்டை ஆடி ஆடிச் சலித்த இடங்கள் எவை என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பது ஒவ்வொரு திருத்தத்திலும் தெரிகிறது. வயல் தீர்ந்தால் தானாகவே மறுபடி விதைக்கும். வேவுக் குதிரை தானே சுற்றிப் பார்க்கும். கண்ணுக்குக் கிட்ட எடுத்தும் தூரத் தள்ளியும் பார்க்கலாம். கணினி எதிராளி களவாக வளம் எடுக்காமல், உண்மையாகவே திறமையாக ஆடுகிறது. கடினமான நிலையில் வைத்து ஆடினால் நன்றாக அடி வாங்கலாம்.

டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா விரிவாக்கம் வந்தது 2022 ஏப்ரல் 28 ஆம் திகதி. இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த மாதங்களை நினைவூட்டத் தேவையில்லை. மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது, பெற்றோலுக்கு வரிசை, ரூபாவோ தலைகீழாக விழுந்துகொண்டிருந்தது. எங்கள் மொழி பேசும் ஒரு படை முதன்முறையாக விளையாட்டுக்குள் வருகிறது, இங்கே திரையை ஏற்றக் கரண்ட் இல்லை! கனடாவில் இருக்கும் மச்சான் அன்பளிப்பாக அனுப்பியதால்தான் எனக்குக் கிடைத்தது. தரவிறக்கியதும் இரவு இரவாக, விட்டு விட்டுத்தான்.

திராவிடர் என்ற அந்த இனம் தமிழ் பேசுகிறது. ஆட்டத்தை விட்டுவிட்டு, வேலையாட்களைத் திரும்பத் திரும்ப அழுத்தி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். வன்னித் தமிழ் இல்லைத்தான். ஆனாலும் இருபது வருடம் வேறு மொழிகளே பேசக் கேட்ட வாய்க்குள்ளிருந்து தமிழ் வந்தால் ஒரு புளகாங்கிதம் வரத்தான் செய்யும். இராஜேந்திர சோழனின் கதையும் உண்டு, திரிசடை என்ற கனமான போர்க்கப்பலும் உண்டு, சுருள்வாள் வீரரும் உண்டு. உணர்ச்சியை ஒதுக்கி வைத்துப் பார்த்தால், தரையில் இது பலம் குறைந்த இனம். நைற் என்ற கனமான குதிரைப்படை இவர்களுக்கு இல்லை. திறந்த வெளியில் குதிரையோடு வருபவன் வயலுக்குள் புகுந்து விளையாடிவிட்டுப் போவான். தண்ணீர் வரைபடத்தில் ஆடுங்கள். ஒவ்வொரு யுகம் (விளையாட்டின் அடுத்த கட்டம்) ஏறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும், அதைக் கப்பலுக்குப் போட்டால் எதிரி கரையை விட்டு வெளிக்கிட மாட்டான்.

அப்படியானால் ஏன் 25 ஆம் ஆண்டு விழாவைப் பழைய பதிப்பில் செய்தோம்? நாங்கள் கூடிய ரியூசன் நிலையத்துக் கணினிகளில் புதியது ஏறாது, அவ்வளவுதான். நான்கு ஜிகாபைட் நினைவகமும் 30 ஜிகாபைட் இடமும் ஓரளவாவது கிராபிக்ஸும் வேண்டும். தரவரிசை ஆட்டத்துக்குள் போவதற்கு முன் உங்கள் கணினிக்கே ஒரு பரீட்சை வைக்கும். பக்கத்துக் கதிரையில் இருப்பவரோடு ஆடவும் உள்நுழைய இணையம் கேட்டது. பழையது எதுவுமே கேட்பதில்லை. ஆகவே ஒரு மடிக்கணினியில் புதியதை ஓடவிட்டு புரொஜெக்டரில் சுவரில் காட்டினோம். ஆட்டம் பழையதில்.

ஃபோனில் சுட்டு விளையாடும் வயதுப் பெடியள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். 'எப்ப அண்ணை சுடுறது?' என்று பத்து நிமிடத்துக்குள் பலமுறை கேள்வி. முதலில் ஆட்டை வெட்டு, பிறகு மரம் வெட்டு என்றால் முகம் சுருங்கியது. பின்னேரம் போகப் போக அவர்களில் இருவர் மல்லாவிக்காரரின் யானைப் படையைச் சாமியார்களைக் கொண்டு ஓதி ஓதித் தங்கள் பக்கம் மாற்றிவிட்டார்கள். தன்னுடைய யானையே திரும்பி வந்து தன் கோட்டையை இடித்த நேரம் அந்த மனிதர் போட்ட கூச்சல் ஏ9 வரை கேட்டிருக்கும். அரட்டைப் பெட்டியில் 11 என்று அடித்தால் எல்லாக் கணினியிலும் ஒரு சிரிப்புச் சத்தம் வரும். அன்று அதை விடாமல் அடித்தார்கள்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு: டேட்டா போட்டு 30 ஜிகாபைட் இறக்காதீர்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் ஒருவரிடம் கோப்புறையை ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி உங்கள் கணக்கோடு இணைத்தால் மிச்சத்தை மட்டும் இறக்கும். விலைக்கழிவு வருடத்தில் பலமுறை வரும், அதுவரை பொறுங்கள். முதல் வாங்குவது அடிப்படை விளையாட்டு, விரிவாக்கங்களைப் பிறகு பார்க்கலாம், தமிழ் கேட்க ஆசையென்றால் மட்டும் இந்தியா விரிவாக்கத்தை முன்னுக்கு எடுங்கள். நான்கைந்து பேர் கூடி ஆடுவதென்றால் பழையதும் ஒரு சுவிட்சும் போதும். சுவிட்ச் மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை. மின்வெட்டு நேரம் எல்லாக் கணினியையும் யூபிஎஸ்ஸில் போட முடியாவிட்டால், ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவரின் கணினியையும் சுவிட்சையும் மட்டுமாவது போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கவும் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.