சார்லட், எமிலி, ஆன்: முதலில் யாரைப் படிப்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியைகளான பிராண்டே சகோதரிகளைப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் அக்கா சார்லட்டின் ‘ஜேன் அயர்’. பிடித்துப்போனால் எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’. அதோடு சரி. கடைக்குட்டி ஆன் எழுதிய இரண்டு நாவல்கள் பக்கம் வருகிறவர்கள் குறைவு. நானும் அப்படிப் போனவன்தான். ஆனைத் தொட எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இப்போது மூவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்த வரிசை அநியாயம் என்று படுகிறது. அது தானாக அமைந்த வரிசையும் இல்லை.

முதலில் வீடு. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாவர்த் என்ற மேட்டு ஊர். அயர்லாந்தில் பிறந்த பாதிரியார் பேட்ரிக் 1820-ல் ஆறு பிள்ளைகளோடு அங்கே வந்தார். மறு வருடமே மனைவி இறந்துவிட்டார். மூத்த பெண்கள் மரியாவும் எலிசபெத்தும் 1825-ல், விடுதிப் பள்ளியிலிருந்து காசநோயோடு திரும்பி, ஆறு வார இடைவெளியில் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் சார்லட், ஒரே பையன் பிரான்வெல், எமிலி, ஆன். ஊரே சாவுக்குப் பழகிய ஊர். 1850-ல் அதன் குடிநீரையும் சாக்கடையையும் ஆய்வு செய்த பாபேஜ் என்ற அரசு அதிகாரி, அங்கே சராசரியாக மக்கள் இறக்கும் வயது 25.8 என்று எழுதினார். பாதிரியார் வீட்டு வாசலை ஒட்டியே இடுகாடு.

1826-ல் அப்பா பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அந்தச் சிப்பாய்களிலிருந்து நாடுகள் முளைத்தன, போர்கள் வந்தன, உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் புத்தகங்கள் வந்தன. கொஞ்ச காலத்தில் இரண்டு கூட்டணி ஆனது. சார்லட்டும் பிரான்வெல்லும் ஆங்கிரியா என்ற நாட்டைக் கட்டினார்கள். எமிலியும் ஆனும் பிரிந்து கோண்டல் என்ற தீவை உண்டாக்கினார்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினை முக்கியம். எமிலிக்கு மிக அருகில் இருந்தவர் சார்லட் அல்ல, ஆன்.

1846-ல் மூவரும் சொந்தக் காசு போட்டு, கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற புனைபெயர்களில் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். முதல் வருடத்தில் விற்றது இரண்டே பிரதிகள். கவிதையில் போட்டியே கிடையாது, எமிலிதான். அதைச் சார்லட்டே ஒத்துக்கொண்டார். அடுத்து நாவல். 1847 அக்டோபரில் ‘ஜேன் அயர்’, டிசம்பரில் ‘வுதரிங் ஹைட்ஸ்’, அதோடு சேர்த்து ஆனின் ‘ஆக்னஸ் கிரே’. 1848 ஜூனில் ஆனின் இரண்டாவது நாவல் ‘வைல்ட்ஃபெல் ஹால்’ (முழுப்பெயர் ‘த டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’).

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். மூவரின் கதையிலும் ஒரு கெட்ட ஆண் இருக்கிறான், அவனுக்கு ஒரு பெரிய வீடு இருக்கிறது. அவனை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாலே மூவரும் யார் என்று தெரிந்துவிடும்.

சார்லட்டின் ராச்செஸ்டர் மனைவியை மாடியில் பூட்டிவைத்துவிட்டு இன்னொரு கல்யாணத்துக்குத் தயாராகிறவன். உண்மை தெரிந்ததும் மணப்பெண் ஜேன் கையில் இருந்த சொற்பக் காசோடு வெளியேறுகிறாள். அந்த இடம் இன்றும் என்னை எழுந்து உட்கார வைக்கும். ஆனால் சார்லட்டுக்கு அவனை விட மனமில்லை. வீட்டை எரிக்கிறார், மனைவியைச் சாகவிடுகிறார், அவன் கண்ணையும் ஒரு கையையும் எடுக்கிறார், ஜேனுக்கு இருபதாயிரம் பவுண்டு சொத்து வரச்செய்கிறார் (அவள் அதில் முக்கால் பங்கை உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறாள்). அப்புறம் கல்யாணம். மூவரில் கதை சொல்லத் தெரிந்தவர் சார்லட்தான். ஜேனின் குரல் முதல் பக்கத்திலேயே நம் கையைப் பிடித்துக்கொள்ளும். ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த ‘சாந்தி நிலையம்’ (1969) படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் எலும்புக்கூடு ஏற்கெனவே தெரியும்.

எமிலியின் ஹீத்கிளிஃப் வேறு ரகம். லிவர்பூல் தெருவிலிருந்து தூக்கிவரப்பட்ட அநாதை, வளர்ந்து இரண்டு குடும்பங்களை அழிக்கிறான். எமிலி அவனைத் திருத்தவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அவன் செய்யும் கொடுமைகளை மறைக்காமல் காட்டுகிறார், அவன் காதலையும் அதே அளவு காட்டுகிறார், தீர்ப்பை நம்மிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த நாவலின் கட்டுமானம் மற்ற இருவராலும் முடியாதது: வெளியூர்க்காரன் ஒருவன், வேலைக்காரி நெல்லி சொல்லச் சொல்லக் கேட்டு நமக்குச் சொல்கிறான், இரண்டு தலைமுறை நடுவில் சுற்றி வருகிறது. கலை என்று பார்த்தால் மூவரில் எமிலிதான் உச்சம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கல்லூரி வயதில் நான் ஹீத்கிளிஃபைக் காதல் நாயகனாகவே படித்தேன். அந்த ஆபத்து அந்தப் புத்தகத்தில் உண்டு.

‘வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலில் வரும் ஆனின் ஹண்டிங்டனுக்கு மாயம் எதுவும் கிடையாது. அழகன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், குடிப்பான். திருத்திவிடலாம் என்று நம்பி ஹெலன் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு வருடக்கணக்கில் நடப்பதை ஆன் அவசரமில்லாமல் எழுதுகிறார்: காலையில் எரிச்சல், நண்பர்கள் கூட்டம், மாதக்கணக்கில் லண்டன் வாசம், மன்னிப்பு, மறுபடி அதே. ஒரு கட்டத்தில் ஹெலன் படுக்கையறைக் கதவை அவன் முகத்தில் அடைக்கிறாள். சின்னஞ்சிறு மகனுக்கு அவனும் நண்பர்களும் ஒயின் ஊற்றிக் கொடுத்து, கெட்ட வார்த்தை பழக்கிச் சிரிக்கும்போதுதான் அவள் ஓட முடிவு செய்கிறாள். ஓவியம் வரைந்து பிழைக்கலாம் என்று அவள் போட்ட திட்டத்தை அவளுடைய நாட்குறிப்பில் அவன் படித்துவிட்டு, தூரிகை, வண்ணம் எல்லாவற்றையும் தீயில் போடுகிறான். ஆனாலும் பிறகு ஓடுகிறாள், பிள்ளையோடு, பெயரை மாற்றிக்கொண்டு.

கதை நடப்பது 1820-களில். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுடையது, பிள்ளையும் கணவனுடையது. பெண்களின் சொத்துரிமைக்கு 1870, 1882 சட்டங்கள் வரவேண்டியிருந்தது. ஆக ஹெலன் ஓவியம் விற்றுச் சேர்க்கும் காசுகூடச் சட்டத்தின் கண்ணில் அவளுடையது இல்லை. இதை 28 வயதுப் பெண் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

ஆனுக்கு இது எப்படித் தெரிந்தது? மூவரில் அதிக காலம் அடுத்தவர் வீட்டில் ஆசிரியையாக உழைத்தவர் அவர். தார்ப் கிரீன் என்ற வீட்டில் ஐந்து வருடம். அங்கே பிரான்வெல்லுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். வீட்டு எஜமானியோடு உறவு என்ற பேச்சில் 1845-ல் அவன் வெளியேற்றப்பட்டான். ஹாவர்த்துக்குத் திரும்பி மூன்று வருடம் மதுவிலும் அபினிலும் கரைந்தான். மூன்று சகோதரிகளும் நாவல் எழுதியது அந்த மூன்று வருடங்களில்தான், அதே கூரைக்குக் கீழ். அதை நேராகப் பார்த்து எழுதியவர் ஆன் ஒருவர்தான் என்பது என் எண்ணம்.

‘வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலில் குறைகளும் உண்டு. கதை சொல்லும் கில்பர்ட் சப்பென்ற ஆள். ஹெலன் சில இடங்களில் பிரசங்கம் செய்வாள். இவை எனக்குப் பெரிய தடையாக இல்லை.

அப்படியானால் ஆன் ஏன் மூன்றாவது இடத்துக்குப் போனார்? ‘வைல்ட்ஃபெல் ஹால்’ நன்றாகவே விற்றது, சில வாரங்களில் இரண்டாம் பதிப்பு வந்தது. முரட்டுத்தனம் என்று திட்டியவர்களுக்கு அதன் முன்னுரையில் ஆன் நேருக்கு நேர் பதில் எழுதினார். பிறகு சாவு வரிசையாக வந்தது. 1848 செப்டம்பரில் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஸ்கார்பரோ கடற்கரை ஊரில் ஆன். எட்டு மாதத்தில் மூன்று பேர். தனியாக நின்ற சார்லட், 1850-ல் தங்கைகளின் புத்தகங்களை மறுபதிப்பு செய்தபோது ‘வைல்ட்ஃபெல் ஹால்’ வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தக் கதைக்களத்தைத் தேர்ந்ததே தவறு என்று எழுதினார். தங்கையின் பெயரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று நம்புகிறேன். தம்பியின் கதை ஊருக்குத் தெரியக்கூடாது என்ற துக்கமும் இருந்திருக்கும். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நஷ்டம் ஆனுக்குத்தான். பின்னால் வந்த பதிப்பு ஒன்று தொடக்கப் பகுதியையே வெட்டிவிட்டு அச்சிட்டது. அந்தச் சிதைந்த பாடம் பல காலம் சுற்றியது.

எனவே என் பரிந்துரை வழக்கத்துக்கு நேர் எதிர். ‘வைல்ட்ஃபெல் ஹால்’ முதலில். ஹண்டிங்டனைப் பார்த்த கண்ணோடு ‘ஜேன் அயர்’ போங்கள், ராச்செஸ்டரின் பேச்சு வேறு மாதிரி கேட்கும். ‘வுதரிங் ஹைட்ஸ்’ கடைசியில். நேரமில்லை என்றால் ‘ஆக்னஸ் கிரே’ சிறியது, ஒரு வார இறுதிக்குப் போதும்.

ஆன் மட்டும் ஹாவர்த்தில் புதைக்கப்படவில்லை. ஸ்கார்பரோ கல்லறையைப் பார்க்க சார்லட் 1852-ல் போனார். கல்வெட்டில் ஐந்து பிழைகள். காசு கொடுத்துத் திருத்தச் சொன்னார். அதன் பிறகும் வயது 28 என்றே இருந்தது. இறந்தபோது ஆனுக்கு 29.