பல்லாங்குழிப் பலகை: பளபளப்பை விடுங்கள், குழியைப் பாருங்கள்

முழு ஆண்டு விடுமுறை வந்தால் கைவினைப் பொருள் கடைகளிலும் இணையத்திலும் பல்லாங்குழிக்கு மவுசு கூடிவிடும். மடக்குப் பலகை, மீன் வடிவம், ஒரே கட்டையில் குடைந்தது, பிளாஸ்டிக், துணி என ஐந்து வகை பரவலாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் 14 குழி உண்டு. ஆனால் பிள்ளைகள் இரண்டாம் நாளும் எடுத்து விளையாடுவது இவற்றில் இரண்டைத்தான்.

கையில் எடுத்ததும் குழியின் அடியைத் தடவிப் பாருங்கள். கிண்ணம் போல வளைந்திருக்க வேண்டும். இயந்திரத்தில் துளைபோட்டு விட்ட பலகைகளில் அடி தட்டையாகவும் சுவர் செங்குத்தாகவும் இருக்கும். கடைசி இரண்டு காய்கள் மூலையில் ஒட்டிக்கொண்டு விரலுக்கு வராது. ஆறு வயதுப் பிள்ளை பலகையையே கவிழ்த்துவிடும். கடையிலேயே சோதிக்கலாம். ஒரு காயைப் போட்டு ஒற்றை விரலால் மேலே இழுங்கள். வழுக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்தால் நல்ல குழி. வாய் 5 செ.மீ., ஆழம் ஒன்றரை முதல் 2 செ.மீ. வரை இருந்தால் போதும். ஆட்டம் சூடுபிடிக்கும்போது ஒரே குழியில் 15, 20 காய்கள் சேரும். அவை வழியக் கூடாது. ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை தேயுங்கள், சாயம் ஒட்டினால் வாங்க வேண்டாம்.

ஒரே கட்டையில் குடைந்த பலகைக்குத்தான் முதலிடம். கனம் இருப்பதால் தரையில் நகராது. மடக்குப் பலகை இரண்டாவது: காய்களை உள்ளே வைத்து மூடிவிடலாம், ஊருக்கு எடுத்துப் போகவும் வசதி. ஆனால் கீலையும் கொக்கியையும் பாருங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காய் அதில் விழும். கொக்கி தளர்ந்திருந்தால் பைக்குள் கொட்டும். மீன் வடிவம் ஷோகேஸுக்கு அழகு. அதில் பலவற்றில் தலைப்பக்கக் குழியும் வால்பக்கக் குழியும் சிறுத்துப் போயிருக்கும். பிளாஸ்டிக் பலகை டைல்ஸ் தரையில் வழுக்கும், அடியில் ஒரு துண்டை விரிக்க வேண்டும். துணி ரயில் பயணத்துக்கு மட்டும்.

இனி காய்கள். இதில் ஏமாந்தால் ஆபத்து. சில செட்டுகளில் மஞ்சாடி என்று சொல்லிக் குன்றிமணியைப் போட்டுவிடுகிறார்கள். மஞ்சாடி முழுக்கச் சிவப்பு. குன்றிமணியில் கருப்புக் கண் இருக்கும். பிள்ளையார் பொம்மைக்குக் கண்ணாக வைப்பார்களே, அதுதான். அதில் ஆப்ரின் என்னும் கடும் நஞ்சு உண்டு. மென்றாலோ, ஓட்டை போட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. செட்டில் வந்தால் யோசிக்காமல் அப்புறப்படுத்துங்கள். சோழி பார்க்க அழகு, சத்தமும் அருமை, ஆனால் பத்துப் பன்னிரண்டிலேயே குழி நிரம்பிவிடும். புளியங்கொட்டை காசில்லாத காய். கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள், ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். எந்தக் காயானாலும், வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

பெட்டியோடு வரும் விதித்தாள் பெரும்பாலும் அரைகுறை. ஊருக்கு ஊர் விதி மாறும். தொடக்கத்துக்கு இது போதும். குழிக்கு 5 வீதம் 70 காய்கள். தன் பக்கக் குழி ஒன்றை அள்ளி, ஒரே திசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு முறை முடிந்தது. அந்தக் குழியும் வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் ஒரு குழியில் சரியாக 4 சேர்ந்தால் அது பசு. குழி யார் பக்கமோ அவர் அதை உடனே எடுத்துக்கொள்வார்.

கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு சோதனை இருக்கிறது. 5 வீதம் வைத்தால், முதல் ஆட்டக்காரர் எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து முறை அள்ளி, கடைசியில் 7 காய்கள் எடுப்பார். 6 வீதம் 84 காய்கள் வைத்தால் இரண்டே முறை அள்ளியதும் நின்றுவிடும்; அப்போதும் கிடைப்பது 7. இந்தக் கணக்கு வரவில்லை என்றால் பிள்ளை எங்கோ ஒரு குழியைத் தாண்டியிருக்கிறது, அல்லது இரண்டு காய்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறது. வழக்கமாகத் தவறுவது வரிசை திரும்பும் ஓரக் குழியில்தான். அந்த இரண்டு முனையிலும் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது. ஐந்து, ஆறு வயதுக்கு 6 காய் ஆட்டத்தில் தொடங்குவதே சரி. முதல் முறை சீக்கிரம் முடிவதால் எதிரில் இருப்பவர் எழுந்து ஓடமாட்டார்.

முதல் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த காய்களை ஐந்தைந்தாக அவரவர் குழிகளில் நிரப்பச் சொல்லுங்கள். நிரம்பாத குழியை ஒரு துரும்பு போட்டு அடைத்துவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கலாம். 33 காய்கள் கையில் இருந்தால் எத்தனை குழி நிரம்பும், எத்தனை மீதி என்று பிள்ளைகளே விரல் விட்டுச் சொல்வார்கள். இதற்கு வொர்க்‌ஷீட் வேண்டாம். காய்கள் வாங்கும்போது மட்டும் ஆறேழு கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். சோபாவுக்கு அடியில் போனது அடுத்த விடுமுறைக்குத்தான் வெளியே வரும்.