பிரெடிக்ட் புராஸ்டேட் இணையக் கருவி: ஒரு மதிப்புரை

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் உள்ள ஒருவரிடம், கண்காணிப்பில் (உடனே சிகிச்சை செய்யாமல் அவ்வப்போது பரிசோதித்து வருவது) இருக்கலாம், அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், கதிர்வீச்சும் எடுக்கலாம், முடிவு உங்களுடையது என்று மருத்துவர்கள் சொல்வது பிரிட்டனில் இன்று வழக்கமாகிவிட்டது. டாக்டர் சொன்னபடி செய்தே பழகிய நம் தலைமுறைக்கு அந்தச் சுதந்திரம் பெரிய பாரம். அதைக் குறைக்கும் நோக்கத்தோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட இலவச இணையக் கருவிதான் பிரெடிக்ட் புராஸ்டேட். லண்டனில் வசிக்கும் என் அண்ணனுக்கு நடுத்தர அபாயப் பிரிவில் நோய் உறுதியானபோது, மருத்துவமனையின் சிறப்புச் செவிலியர் இதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அண்ணனுக்கு எண்கள் என்றால் அலர்ஜி என்பதால் அவருடன் நானும் உட்கார்ந்தேன்.

பயன்படுத்துவது எளிது, பதிவோ கட்டணமோ கிடையாது. வயது, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவு, கட்டியின் டி நிலை (அது எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பது), நோயின் வீரியத்தைக் காட்டும் 1 முதல் 5 வரையிலான தரப் பிரிவு, பயாப்ஸியில் எடுத்த திசுத் துண்டுகளில் எத்தனையில் புற்றுநோய் இருந்தது, கடந்த இரண்டு ஆண்டுகளில் வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா என்பவற்றைக் கேட்கிறது. பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இதைத் தொடங்க வேண்டாம், ஏனெனில் தரப் பிரிவில் பலர் தடுமாறுகிறார்கள்: கிளீசன் கூட்டுத்தொகை (திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் இரண்டு மதிப்பெண்களின் கூட்டல்) 7 என்று மட்டும் நினைவிருந்தால் போதாது, 3+4 என்பது இரண்டாம் பிரிவு, 4+3 என்பது மூன்றாம் பிரிவு, இரண்டுக்கும் வரும் விடை வேறு. எலும்புக்கோ வேறு உறுப்புக்கோ நோய் பரவியவர்களுக்காக இது உருவாக்கப்படவில்லை.

விவரங்களைக் கொடுத்ததும், உடனடி சிகிச்சையின்றிக் கண்காணிப்பில் இருந்தால் 10, 15 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு, சிகிச்சை பெற்றால் எவ்வளவு என்று அருகருகே காட்டுகிறது. அட்டவணை, வரைகோடு, நூறு மனித உருவங்கள் கொண்ட படம் எனப் பல வடிவங்களில் ஒரே விடையைப் பார்க்கலாம். எங்களுக்கு நூறு உருவங்கள்தான் கைகொடுத்தன. அதைவிட முக்கியமாக, புராஸ்டேட் புற்றுநோயால் இறப்போரையும் வேறு காரணங்களால் இறப்போரையும் அது தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. இதுவே இந்தக் கருவியின் பெரும் பலம் என்பது என் கருத்து. புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டதுமே மற்ற எல்லா ஆபத்துகளும் மனத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இதயமும் மூளை நரம்பும்கூடக் கணக்கில் உண்டு என்பதை எந்த மருத்துவரும் இவ்வளவு நேரடியாக எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் எல்லாருக்கும் இது ஏற்புடையதாக இருக்காது. "இந்தச் சாவுக் கணக்கை எல்லாம் எதுக்குங்க பாக்கணும்?" என்று அண்ணி எழுந்து போய்விட்டார். அபாயம் குறைந்த நோயாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகச் சிறியதாகவே வரும் என்பதையும், அவசரப்பட வேண்டியதில்லை என்பதையும் அவருக்குப் பிறகு பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கிழக்கு இங்கிலாந்தில் 2000 முதல் 2010 வரை நோய் கண்டறியப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவுகளே இதன் அடித்தளம். பிறகு சிங்கப்பூரிலும் சுவீடனிலும் உள்ள நோயாளிகளின் தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெம்பளித்தது. ஆயினும் அந்தப் பத்தாண்டில் பயாப்ஸிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கும் பழக்கம் பரவியிருக்கவில்லை, கண்காணிப்பு முறையும் இன்றைய அளவுக்குக் கறாராக இல்லை. ஆகவே கண்காணிப்புப் பக்கத்தில் வரும் எண்ணைச் சற்று பழைய காலத்து எண்ணாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

குறை என்று நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. உயிர்பிழைப்புக் கணக்கில் அறுவையையும் கதிர்வீச்சையும் 'சிகிச்சை' என்ற ஒரே தட்டில் இக்கருவி வைக்கிறது. நோயாளி தவிப்பதோ பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான். மேலும், அது இறப்பை மட்டுமே கணிக்கிறது, நோய் பரவுவதைக் கணிப்பதில்லை. பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து நடத்திய புரோடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. மூன்று பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஆனால் நோய் பரவியது கண்காணிப்பில் 9.4 விழுக்காட்டினருக்கு, அறுவையில் 4.7, கதிர்வீச்சில் 5.0. இறப்பு விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

கருவியில் பக்க விளைவுகளுக்கு, புரோடெக்ட் ஆய்வின் எண்களோடு, தனிப் பகுதி உண்டு. அந்த ஆய்வில், அறுவைக்குப் பின் ஆறாவது மாதத்தில் 46 விழுக்காட்டினர் சிறுநீர்க் கசிவுக்காகப் பேடு பயன்படுத்தினார்கள். ஆறாவது ஆண்டில் அது 17 விழுக்காடாகக் குறைந்தது. கதிர்வீச்சுப் பிரிவில் அது 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. விறைப்புத்தன்மை பற்றிய எண்களும் அங்கே மறைப்பின்றி இருக்கின்றன. அந்தப் பகுதி வந்தபோது அண்ணனையும் அண்ணியையும் தனியே விட்டுவிட்டு நான் தேநீர் போடப் போனேன். தம்பி உடன் இருந்து பார்க்க வேண்டிய பகுதி அல்ல அது, கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது; கூச்சத்தால் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் சிகிச்சைக்குப் பின் அதிகம் திகைக்கிறார்கள்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் 37 அமர்வுகளாகக் கொடுத்தார்கள்; இன்று பிரிட்டனில் 20 அமர்வுகள் வழக்கம், கூடவே சில மாதங்கள் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியும் உண்டு. அந்த ஊசியால் வரும் உடல் வெக்கை, சோர்வு, பாலுறவு நாட்டக் குறைவு பற்றிக் கதிர்வீச்சு மருத்துவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவையாக இருந்தால், ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் பேடு அணிகிறார்கள் என்று அந்த மருத்துவரிடமே கேட்கலாம், கேட்டால் கோபிக்கமாட்டார்கள். அண்ணன் இறுதியில் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வுக்கு உதவியவை இரண்டு மருத்துவர்களுடனும் நடந்த நீண்ட உரையாடல்கள். சிகிச்சை வேண்டுமா, காத்திருக்கலாமா என்ற முதல் கேள்வியைத் தீர்த்துவைத்ததுதான் கருவியின் பங்கு. அதைக் குறைவான உதவி என்று சொல்லமாட்டேன்.

நம் குடும்பங்களில் இதைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். பிற நோய்களைப் பற்றிய கேள்வி மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா என்பதில்தான் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஒரு நாள்கூட மருத்துவமனையில் படுக்காதவர் 'இல்லை' என்றே பதில் சொல்வார். அவருக்குக் கிடைக்கும் விடை சர்க்கரையே இல்லாதவருக்குரிய விடையாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் விடைப் பக்கத்தை அச்செடுத்து, தினசரி மருந்துகளின் பட்டியலையும் அதனுடன் இணைத்து மருத்துவரிடம் கொடுப்பது நல்லது.