ஏழு வருடமாகப் போய்வரும் திராட்சைத் தோட்டம்

பெங்களூர் அல்சூரிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் சிக்கபள்ளாபூர் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்துக்குப் போய்விடலாம். ஒரு மணி நேரம் தாமதித்தால் நந்தி மலைக்குப் போகும் வண்டிகளோடு மாட்டிக்கொண்டு, தேவனஹள்ளியைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிடும். 2018 பிப்ரவரியில் இது தெரியாமல் பத்தரை மணிக்குப் போய் நின்றோம். தோட்டத்து வீட்டுப் பெரியம்மா எங்களை உள்ளே விடவில்லை. "சூடேறின பழத்தை அறுத்தா வீடு போறதுக்குள்ள துவண்டு போயிடும், நாளைக்குக் காலையில வாம்மா" என்று தெலுங்கில் சொன்னார். கையில் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வந்த காசை விட்டுவிட்டுப் பழத்தைப் பற்றிக் கவலைப்படும் வீடு என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். மறுநாள் மறுபடி போனோம்.

இரண்டரை ஏக்கர். பெரியம்மா, அவருடைய மகன், மருமகள் மூன்று பேரும்தான் எல்லாம். பயிரிடுவது பெங்களூர் நீலம் என்கிற, இந்த நாட்டுக்கே உரியது மாதிரி ஆகிவிட்ட திராட்சை. பூர்வீகம் அமெரிக்கா, ஆனால் 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது இந்த மண்ணின் பேரில். வருடத்துக்கு இரண்டு அறுவடை உண்டு. எங்களைப் போன்றவர்களை வெயில் காலத் தொடக்கத்து அறுவடைக்கு மட்டும் விடுகிறார்கள். பழம் தயாரானதும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு குலையின் படம் அனுப்புவார். அதுதான் அழைப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். இதில் தோல் தடிமன். வாயில் வைத்து அழுத்தினால் சதை ஒரே உருண்டையாக வழுக்கி வந்துவிடும், தோல் தனியாக நிற்கும். உள்ளே விதைகள் உண்டு. சதை இனிப்பு, தோல் புளிப்பு. ஆனால் வாசனை! பந்தலுக்குள் நுழையும் முன்பே மூக்கில் ஏறும். சின்ன வயதில் பெட்டிக்கடையில் குடித்த திராட்சை சோடாவின் வாசனை அது. மெத்தில் ஆந்த்ரானிலேட் என்ற பொருள்தான் காரணம், சோடாவில் சேர்ப்பதும் அதையே. மல்லிகைப் பூவிலும் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பந்தலுக்குள் நிற்கும்போதெல்லாம் எனக்கு மல்லிகையும் சேர்ந்தே மணக்கிறது.

பறிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. நிறத்தை நம்பக் கூடாது. பழம் கருநீலமாகிப் பல நாள் கழித்துத்தான் சர்க்கரை முழுதாக ஏறும். மாம்பழமும் வாழைப்பழமும் அறுத்த பிறகும் பழுக்கும், திராட்சை பழுக்காது. கொடியில் புளிப்பாக இருந்தது வீட்டில் எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புதான். பெரியம்மா சொல்லிக்கொடுத்த வழி: குலையின் தோள்பட்டையில் இருப்பது முதலில் இனிக்கும், நுனி கடைசியில். அதனால் நுனிப் பழம் ஒன்றைத் தின்று பார். அது இனித்தால் குலையை அறு, இல்லையென்றால் அப்படியே விட்டுவிடு. காம்பைப் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். பழத்தின் மேல் வெள்ளையாக மாவு பூசினாற்போல் இருப்பது மருந்து இல்லை, பழமே சுரக்கும் மெழுகு. புளூபெர்ரியின் மேல் இருக்கிறதே, அதே மாதிரி. விரலால் தேய்த்து அது போய்விட்டால் பழம் சீக்கிரம் வாடும்.

உதிரியாகக் கிள்ள விடமாட்டார்கள். முழுக் குலையாகக் கத்தரியால் வெட்ட வேண்டும், வெட்டியதை வேண்டாம் என்று திருப்பித் தரக் கூடாது. முதல் தடவை போனபோது என் மகளுக்கு நாலு வயது. கத்தரி கேட்டு அழுதாள், பெரியம்மா கூடையைத்தான் கொடுத்தார். இந்த மார்ச்சில் அவராகவே கூப்பிட்டுக் கத்தரியை அவள் கையில் வைத்தார். அவள் அறுத்த முதல் குலையின் நுனிப் பழத்தைத் தின்று பார்த்துத் தலையாட்டினார்.

இலைகளில் திட்டுத் திட்டாக வெளிறிய நீலம் இருக்கும். மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, பூஞ்சை நோய்க்கு அடிப்பது. மருந்தே அடிக்காத தோட்டம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. எந்த வரிசைக்கு எந்தத் தேதியில் என்ன அடித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள். மருந்து அடித்துப் போதிய நாள் ஆகாத வரிசையில் கயிறு கட்டியிருக்கும். எனக்கு இந்த நோட்டு போதும்.

2023இல் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம், பன்னீர் திராட்சை விளையும் பூமி. அந்த வருடம்தான் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது, அப்பா அதைப் போகிற வழியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் மகனான தோட்டத்து அண்ணாவுக்குத் தமிழ் வராது, அப்பாவுக்குத் தெலுங்கு வராது. இரண்டு பேரும் பந்தலுக்குக் கீழே நின்று, கொடியைக் கவாத்து செய்யும்போது எத்தனை கண் (மொட்டு) விட்டு வெட்டுவது என்பதை விரலாலேயே ஒரு மணி நேரம் பேசினார்கள். எங்கள் பழத்துக்குத் தோல் மெல்லிசு, இனிப்பும் கூட. ஆனால் "வாசத்துல இது ஜெயிக்குது" என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். அவர் வாயிலிருந்து அது வந்தது பெரிய விஷயம்.

நடுவில் இரண்டு வருடம் போக முடியவில்லை. 2020இல் பழம் தாமதம், மார்ச் கடைசி ஞாயிறு வரச் சொல்லியிருந்தார்கள். 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்துவிட்டது. இந்த ரகத்தில் பெரும்பங்கு சாறுக்கும் ஒயினுக்கும் போகிறது. வாங்க ஆள் வராமல் பாதிப் பழம் கொடியிலேயே சுருங்கிப் போனதாக அப்புறம் சொன்னார்கள். 2021 நவம்பர் மழையில் பிஞ்சு அழுகி, அடுத்த பிப்ரவரியில் தோட்டத்தைத் திறக்கவே இல்லை.

தண்ணீர்தான் அவர்களுடைய பெரிய கவலை. வற்றாத ஆறு கிடையாது, ஆயிரம் அடிக்கும் கீழே போன ஆழ்துளைக் கிணறு ஒன்றுதான், சொட்டுநீரில் ஓட்டுகிறார்கள். பெங்களூரின் கழிவுநீரை இரண்டு கட்டமாகச் சுத்திகரித்து, ஹெப்பாள் - நாகவாரா பள்ளத்தாக்குத் திட்டத்தில் இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று இங்குள்ள விவசாயிகள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். நாம் குளித்துவிட்ட தண்ணீர் அது, அவர்கள் பழத்தை நாம்தான் தின்கிறோம்.

குறைகளும் உண்டு. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று, வயதானவர்களுக்குச் சிரமம். பந்தல் தாழ்வு, உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். விலை 2018இல் கிலோ 60 ரூபாய், இப்போது 120. சந்தையில் இதைவிடக் குறைவுதான். 2019இல் கூடையோடு சேர்த்து எடை போட்டுவிட்டார்கள். சொன்னதும் அண்ணா காசைத் திருப்பிக் கொடுத்தார், அடுத்த தடவை போனபோது ஒவ்வொரு கூடையின் எடையும் அதன் மேலேயே பெயின்டில் எழுதியிருந்தது. படம் எடுப்பதற்காக மட்டும் போவதாக இருந்தால் இந்தத் தோட்டம் வேண்டாம். அவர்களுக்கு அது அறுவடை நாள்.

வீட்டிலிருந்து ஆழமில்லாத அட்டைப்பெட்டி கொண்டு போங்கள், இரண்டு அடுக்குக்கு மேல் வைத்தால் அடிக்குலை நசுங்கும். வந்ததும் கழுவாதீர்கள், தின்னும்போது கழுவினால் போதும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். மீந்ததைத் தோலோடு கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, மத்தால் மசித்து, துணியில் வடிகட்டுங்கள். அந்த நிறமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. மிக்சியில் மட்டும் போட வேண்டாம், விதை அரைபட்டால் சாறு கசந்துவிடும்.