ஒப்படைத்த துப்பாக்கியைப் ‘பாலிஷ் போட்டுத் தருகிறோம்’ என்று கடையில் சொன்னால்

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ளவர்கள் பலர் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது, என் தந்தையாரிடமிருந்து எனக்கு வந்த, பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட பழைய ‘12 போர்’ (bore, குழல் விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை நான் ஒரு கடையில் ஒப்படைத்தேன். வைப்புக் கட்டணத்தோடு ‘சர்வீஸ்’ என்று தனியாக ஒரு தொகையும் வாங்கினார்கள். தூசு துடைத்து எண்ணெய் தடவி வைப்போம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

திரும்ப வாங்கும்போது குழல்கள் விளக்கி வைத்த எவர்சில்வர் குடம்போலப் பளபளத்தன. கடைக்காரர் அதைப் பெருமையோடு வேறு காட்டினார். பித்தளை, எஃகு, குரோமியம் அனைத்துக்கும் ஏற்றது என்று விற்கப்படும் பாலிஷ் பசையைத் துணிச்சக்கரத்தில் தடவி மோட்டாரில் ஓட்டியதாகவும், குழல்வாயருகே இருந்த சிறு துருக்கறையைத் துருநீக்கித் திரவத்தால் எடுத்ததாகவும் விசாரித்தபோது தெரிந்தது.

துப்பாக்கிக் குழலின் கருநீல நிறம் மேலே அடித்த வண்ணம் அன்று. எஃகின் மேற்பரப்பையே கட்டுப்பாட்டோடு துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைக் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றுவதால் உண்டாகும் படலம் அது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் இருக்கும். பாத்திரத்தின் கறுப்பை உரசி எடுப்பதற்காகவே பாலிஷ் பசையில் நுண்ணிய உராய்வுத் துகள்களைக் கலக்கிறார்கள். அந்தத் துகள்களுக்கு அழுக்கும் தெரியாது, படலமும் தெரியாது. துருநீக்கியின் கதை இன்னும் மோசம். அதிலுள்ள அமிலம் கரைக்க வேண்டியது இரும்பு ஆக்சைடை; கருநீலப் படலமும் இரும்பு ஆக்சைடுதான் என்பதால், சிவப்புத் துருவோடு அதுவும் சேர்ந்தே கரைந்துவிடுகிறது. என் துப்பாக்கியின் குழல்வாயில் இப்போது சாம்பல் நிறத் திட்டு ஒன்று இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் முதலில் துரு பூத்ததும் அங்கேதான்.

குழல்கள் பொருந்தும் ஆக்‌ஷன் பகுதியில் நீலமும் பழுப்பும் கலந்து மேகம் படர்ந்தாற்போல இருந்த வண்ணங்களும் போய்விட்டன. எலும்புக்கரியில் சூடேற்றி நீரில் அமிழ்த்தும்போது எஃகின் மேல்தோலில் படியும் அந்த வண்ணங்கள் கருநீலத்தைவிடவும் மென்மையானவை. அவற்றை மீண்டும் வரவழைக்க வேண்டுமானால் அந்தப் பாகத்தையே திரும்பவும் உலையில் வைக்க வேண்டும். பழைய பாகம் அதில் வளைந்துபோகும் அபாயம் உண்டு. ஆளி விதை எண்ணெய் ஊறிய அக்ரூட் மரக்கட்டைக்கு மேசை நாற்காலிக்குப் பூசும் சிலிக்கோன் பாலிஷைத் தெளித்திருந்தார்கள். கைப்பிடியின் கட்டம்கட்டமான செதுக்கலில் வெள்ளைப் பிசுக்கு அடைந்திருந்தது. சிலிக்கோன் இறங்கிய மரத்தில் இனி எண்ணெய் பூச்சு சரியாகப் பிடிப்பதும் கடினம்.

அழகு போனதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. துணிச்சக்கரம் ஓடிய இடத்தில் துப்பாக்கியின் எண்ணும், குழலின் வலுவைச் சோதித்துப் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை பொறித்த முத்திரைகளும் விளிம்பு மழுங்கியிருந்தன. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கிறது. உரிமத்தில் எழுதிய எண்ணும் உலோகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று அதிகாரி பார்க்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்லர், உரிமதாரர்.

இவ்வளவுக்கும் பிறகு அதே கடைக்காரர், “தொட்டியில் போட்டுக் கறுப்பு ஏற்றித் தருகிறேன், புதுசாகிவிடும்” என்றார். இதற்கு மட்டும் யாரும் இணங்கிவிட வேண்டாம். அவர் சொன்னது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் கொதிக்க வைத்து அதில் அமிழ்த்தும் முறை. ஒற்றைக்குழல் ரைபிளுக்கு அது பொருந்தும். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியிலோ குழல்களையும் அவற்றுக்கு நடுவே ஓடும் பட்டையையும் இணைத்திருப்பது ஈயப் பற்றாசு (சால்டர்). காஸ்டிக் அந்தப் பற்றாசை அரிக்கும். பட்டைக்கு அடியில் தேங்கி, பிறகு உள்ளிருந்தே துருவை வளர்க்கும். குழல்கள் விட்டுப்போன துப்பாக்கியைச் சுடுவது உயிருக்கே ஆபத்து. இரட்டைக்குழலுக்கு ஏற்ற முறை, துருவேற்றும் கரைசல் தடவித் துருவேற விட்டு, வெந்நீரில் கொதிக்க வைத்து, மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து, இதையே பலமுறை திரும்பச் செய்யும் மெதுவான முறைதான். அதைப் பொறுமையாகச் செய்யும் கைகள் இங்கே அரிதாகிவிட்டன.

பல வேலைக்கும் உதவும் பொருள்கள் எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் 1904 முதல் வரும் பாலிஸ்டால் எண்ணெய் உலோகம், மரம், தோல் மூன்றுக்கும் உதவுகிறது. அதில் உராய்வுத் துகள் இல்லை. டபிள்யூ.டி. 40 (WD-40) என்ற தெளிப்பு எண்ணெய் ஈரத்தை விரட்டும், ஆனால் அதன் படலம் மெல்லியது. மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் துப்பாக்கிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் அது துப்பாக்கிக்கு ஆகாது. அம்மோனியா நெடி வந்தாலும் ஒதுக்குங்கள். நிக்கல் முலாமுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால் அம்மோனியா அதை அரித்து முலாமை உரியச் செய்யும்.

கடைக்காரர் சர்வீஸ் தொகையைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார். சேதத்தை ஈடுசெய்யக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் ஒப்படைக்கும் முன் இருந்த நிலைக்குச் சான்று வேண்டும். ஆகவே எண், முத்திரைகள், ஆக்‌ஷன், கட்டை அனைத்தையும் தேதியோடு படமெடுத்துக்கொண்டு, ‘எண்ணெய்த் துணியால் துடைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் துப்பாக்கியை விட்டுவராமல், காவல் நிலையத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.